தேய்ந்த ஜவ்வு ஊசியால் மீண்டும் வளருமா?

உங்கள் கேள்வியைப் பிறருக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளாக இரு முழங்கால்களிலும் வலி; வலது காலில் சற்றுக் கூடுதல். எக்ஸ்ரேயில் மூன்றாம் நிலைத் தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். தனியார் சிகிச்சை மையம் ஒன்றில், அறுவை சிகிச்சையே தேவையில்லை, சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிஆர்பி ஊசியை மூன்று முறை போட்டுவிட்டு அதன்மேல் ஸ்டெம் செல் (வேறு வகைத் திசுக்களாக மாறக்கூடிய மூல உயிரணு) ஊசியும் போட்டால் தேய்ந்த ஜவ்வு மறுபடி வளர்ந்துவிடும் என்று சொல்லி, தொகையையும் தவணைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம்பிப் பணம் கட்டலாமா என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஆர்பி ஊசி சிலருக்குச் சில மாதங்கள் வலியைக் குறைக்கிறது. ஸ்டெம் செல் ஊசியிலும் ஆராய்ச்சி நிலையில் சில நல்ல அறிகுறிகள் தென்பட்டிருக்கின்றன. ஆனால் வயது காரணமாகத் தேய்ந்துபோன முழங்கால் குருத்தெலும்பை ஊசி போட்டு மீண்டும் வளர்த்துக் காட்டியதற்கு ஏற்கத்தக்க சான்று இன்றுவரை கிடையாது. ஆகவே அந்தத் தாளில் எழுதியிருக்கும் தொகை வலி நிவாரணத்துக்கான விலையா, ஜவ்வு வளர்வதற்கான விலையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. முன்னதற்கானது என்றால் யோசிக்கலாம். பின்னதற்கானது என்றால் கொடுக்க வேண்டாம்.

குழப்பத்தில் பாதி ‘ஜவ்வு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் ஊரில் கால்பந்து ஆடிய இளைஞனுக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறோம். எழுபது வயதுப் பாட்டிக்கும் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்கிறோம். உண்மையில் இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு உறுப்புகள் ஒளிந்திருக்கின்றன. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கயிறுபோல் பிணைத்து வைத்திருக்கும் தசைநார்கள் ஒன்று. விளையாட்டில் கால் திருகிக்கொண்டு அறுந்துபோவது பெரும்பாலும் இவைதான். இரு எலும்புகளுக்கும் இடையில் பிறை வடிவில் மெத்தைபோல் கிடக்கும் இரண்டு வட்டுகள் மற்றொன்று. எலும்பு முனைகளின்மேல் சில மில்லிமீட்டர் தடிமனில், கண்ணாடிபோல் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் குருத்தெலும்பு மூன்றாவது. உங்கள் அம்மாவுக்குத் தேய்ந்திருப்பதாகச் சொல்லப்படுவது இந்த மூன்றாவதுதான். ஒன்றுக்குப் பலன் தரும் சிகிச்சை மற்றொன்றுக்குப் பலன் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விளையாட்டு வீரர் ஒருவர் பிஆர்பி போட்டுக்கொண்டு திடலுக்குத் திரும்பினார் என்ற செய்தி, தேய்மானம் கண்ட முழங்காலுக்கு எந்த உறுதியையும் தருவதில்லை.

குருத்தெலும்பு ஒரு விசித்திரமான திசு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நடக்கும்போது அழுந்தியும் விடுபட்டும், ஈரத்துணியைப் பிழிந்து நனைப்பதுபோல, மூட்டுத் திரவத்திலிருந்தே தனக்கு வேண்டிய ஊட்டத்தை அது எடுத்துக்கொள்கிறது. கையில் வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் வந்து உறைந்து, அந்த உறைவுக்கு அடியில் புதுத் தோல் வளர்கிறது. குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று லண்டனில் பணியாற்றிய உடற்கூற்றியல் வல்லுநர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எழுதி வைத்தார். ஏறக்குறைய 280 ஆண்டுகள் கழிந்தும், வயதானவர்களின் பரவலான தேய்மானத்தைப் பொறுத்தவரை அந்தக் கூற்றை யாரும் முறியடிக்கவில்லை.

நரம்பே இல்லாத திசு எப்படி வலிக்கும் என்று கேட்டால் அது சரியான கேள்வி. வலிப்பது குருத்தெலும்பு அல்ல. மூட்டின் உட்பக்கம் படர்ந்திருக்கும் மெல்லிய உறை அழற்சி கண்டு வீங்குகிறது; குருத்தெலும்பின் அடியிலுள்ள எலும்பு, தாங்கவேண்டிய சுமை கூடியதால் உள்ளே வீங்குகிறது; வட்டுகளின் வெளி விளிம்பு, மூட்டைச் சுற்றிய உறை, தசைகள் சேரும் இடங்கள் இவையெல்லாம் வலிக்கின்றன. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டியோடு மலையேறுபவர்களும், ஓரளவு நன்றாகத் தெரியும் முட்டியோடு மாடிப்படி ஏறமுடியாதவர்களும் இருப்பதன் காரணம் இதுதான். மூன்றாம் நிலை என்பதுகூட, கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1957-ல் வகுத்துக்கொடுத்த, எக்ஸ்ரே படத்துக்கான மதிப்பெண். எலும்பு முனைகளில் முளைகள் தெரிகின்றன, இடைவெளி திட்டவட்டமாகக் குறைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். அது படத்தின் நிலை. அம்மாவின் நிலையை அம்மாவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, வலிக்கும் இடத்தை ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது. முட்டியின் உட்பக்கத்தில், இரு எலும்புகளும் சந்திக்கும் கோட்டில் விரலை வைத்தால் தேய்மானமோ வட்டுக் கிழிசலோ இருக்கலாம். அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, கீழ்க்கால் எலும்பின் உட்பக்கத்தில் வைத்தால், தொடைத் தசைகள் வந்து சேரும் இடத்திலுள்ள சிறு திரவப் பை அழற்சி கண்டிருக்கக்கூடும். நடுத்தர வயதைத் தாண்டிய, சற்றே பருமனான பெண்களிடம் இது மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. தேய்மான வலி என்றே பல மாதங்கள் மருந்து சாப்பிட்டிருப்பார்கள். முட்டிச் சில்லின்மேல் உள்ளங்கையைப் பரப்பி, படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் வலிக்கிறது என்றால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான சிக்கல். பின்பக்கத்தைத் தொட்டால் அங்கே நீர் கோத்துக் கட்டியாக நிற்கலாம். விரலை ஓரிடத்திலும் வைக்க முடியாமல் தொடை முழுவதும் தடவிக் காட்டினால், முழங்காலை விட்டுவிட்டு இடுப்பு மூட்டையும் முதுகுத்தண்டையும் சோதிக்க வேண்டும். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாக வெளிப்படுவது மருத்துவ மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லித்தரப்படும் பாடம், ஆனாலும் தொடர்ந்து தவறவிடப்படும் பாடம்.

தேய்மானத்தைத் தவிர்த்த காரணங்களும் குறைவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகிக் கிடக்கின்றன, கைவிரல்களும் சேர்ந்து வீங்குகின்றன என்றால் முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும். இரவோடு இரவாக முட்டி சிவந்து பழுத்ததுபோல் வலித்தால் யூரிக் அமிலப் படிகங்கள் காரணமாக இருக்கலாம். சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மூட்டு வலி தங்கிவிடுவதைத் தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு பார்க்காத மருத்துவரே இருக்கமாட்டார். காய்ச்சலோடு முட்டி வீங்கிக் காலை அசைக்கவே முடியவில்லை என்றால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. வளரும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்கு அருகில் இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்து, எலும்பில் வீக்கமும் தெரிந்தால், வளர்ச்சி வலி என்று ஒதுக்கிவிடாமல் உடனே படம் எடுத்துவிட வேண்டும். எலும்புப் புற்றுநோய் அதிகம் தோன்றும் இடம் தொடை எலும்பின் கீழ்முனைதான்.

எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2008-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வட்டுக் கிழிசல் தென்பட்டவர்களில் 61 விழுக்காட்டினருக்கு, அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ இருந்ததே இல்லை. ஐம்பதைத் தாண்டியவரின் எம்ஆர்ஐ அறிக்கையில் ‘கிழிசல்’ என்ற சொல் இருப்பது, தலையில் நரைமுடி இருக்கிறது என்று எழுதுவதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. அந்த ஒரு சொல்லைக் காட்டிச் சிகிச்சை விற்பவர்களிடம் எச்சரிக்கை வேண்டும்.

இனி தேய்மானத்துக்கு வருவோம். டயர் தேய்வதுபோல் முட்டி தேய்கிறது என்ற உவமை எளிதாக இருந்தாலும், அதை நம்புகிறவர் நடப்பதையே நிறுத்திவிடுகிறார். மூட்டு உயிருள்ளது, தேய்வதும் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள முயல்வதும் அங்கே ஒருசேர நடக்கின்றன, செப்பனிடும் வேலை பின்தங்கும்போது நோய் முன்னேறுகிறது. மரபு, முன்பு பட்ட அடி, மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள், தொடைத் தசை வலுவிழத்தல், உடல் எடை எல்லாம் இதில் பங்கு வகிக்கின்றன. நடக்கும்போது முழங்காலின் சுமையில் பெரும்பகுதி உட்பக்கத்தின்மேல்தான் விழுகிறது. கால் வில்போல் வெளிப்பக்கம் வளைய வளைய அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. நம் வீடுகளில் பாட்டிகளின் கால்கள் அப்படி வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தரையில் குந்தி உட்காரும் பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதைப் பெய்ஜிங் நகரத்து முதியவர்களிடம் ஆராய்ந்தார்கள். இளமையில் நாள்தோறும் நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்தது. அரிவாள்மணையும் தரைக் கழிப்பறையும் வாழ்க்கையின் பகுதியாக இருக்கும் நமக்கு அது அயலூர்ச் செய்தி அல்ல. ஆனாலும் வலி இல்லாதவர்கள் சம்மணம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம்; வலி வந்துவிட்டவர்கள் மேற்கத்தியக் கழிப்பறைக்கும் மேசைமேல் காய் நறுக்குவதற்கும் மாறிக்கொண்டால் போதும்.

பிஆர்பி என்பது என்ன என்று பார்ப்போம். கையிலிருந்து 30 முதல் 60 மில்லி ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் திரவம் கலந்த குழாயில் எடுத்து, சுழற்றும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். சில நிமிடங்கள் சுழன்று நின்றதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அடியில் அடர் சிவப்பாகச் சிவப்பணுக்கள், மேலே வெளிர் மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர், இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெண்படலம் ஆகிய மூன்றும் தனித்தனியே தெரியும். அந்தப் படலத்தையும் அதையொட்டிய மஞ்சள் நீரையும் உறிஞ்சி எடுத்தால் கிடைக்கும் சில மில்லிதான் பிஆர்பி. சாதாரண ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். இதில் அதைப்போல் சில மடங்கு இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவருபவை தட்டணுக்கள், அவற்றிலிருந்து திசு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் வெளிப்படுகின்றன, ஆகவே அவற்றைச் செறிவாக்கி மூட்டுக்குள் செலுத்தினால் திசு சீரடையும் என்பது இதன் பின்னணியிலுள்ள எண்ணம். எண்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்ணம் சரியாக இருப்பதும் முட்டியில் நடப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. சண்டிகரிலுள்ள மத்திய அரசின் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் 78 பேரின் 156 முழங்கால்களில் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட பிஆர்பி போட்டவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தை எட்டும்போது அந்தப் பலன் மங்கத் தொடங்கியதையும் அவர்களே பதிவு செய்தார்கள். இதற்கு எதிராக நிற்பது ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான பெரிய ஆய்வு. வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள். யாருக்கு எது போடப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில், பத்துக்கு அளக்கப்பட்ட வலி பிஆர்பி குழுவில் 2.1 குறைந்திருந்தது, உப்புநீர்க் குழுவில் 1.8 குறைந்திருந்தது. எம்ஆர்ஐ கொண்டு அளந்ததில் முட்டியின் உட்பக்கக் குருத்தெலும்பு இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், முறையே 1.4, 1.2 விழுக்காடு, குறைந்திருந்தது. வளர்ச்சி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

உப்புநீர் ஊசிக்கே ஏறக்குறைய இரண்டு புள்ளி வலி குறைந்ததைக் கவனியுங்கள். மூட்டுக்குள் ஊசி போடும்போது கிடைக்கும் நம்பிக்கை, அதன்பின் எடுத்துக்கொள்ளும் ஓய்வு, கூடுவதும் குறைவதுமாக இருக்கும் வலியின் இயல்பு எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு நிவாரணம் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு அத்தைக்கு நன்றாகப் பலித்தது என்று கேள்விப்படும்போது அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். அத்தைக்கு வலி குறைந்தது உண்மை. அவருடைய ஜவ்வு வளர்ந்தது என்பது அவரிடம் சொல்லப்பட்ட விளக்கம்.

பிஆர்பியில் இன்னொரு தொல்லை, அந்தப் பெயரில் ஒவ்வொரு இடத்திலும் தயாராவது ஒவ்வொரு பொருள் என்பது. எத்தனை தட்டணுக்கள், வெள்ளணுக்களை நீக்கினார்களா, ஒருமுறை சுழற்றினார்களா, இருமுறையா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறுகிறது. போதுமான எண்ணிக்கையில் தட்டணுக்கள் போகாததால்தான் ஆஸ்திரேலிய ஆய்வில் பலன் தெரியவில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். வழிகாட்டுதல்களும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் அமைப்பு 2019-ல் முழங்கால் தேய்மானத்துக்கு பிஆர்பி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. அங்குள்ள எலும்பு அறுவை மருத்துவர்களின் அமைப்பு 2021-ல், வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் சான்று மட்டுப்பட்டது என்றது. என் கணிப்பைக் கேட்டால், தேய்மானம் முதல் இரண்டு நிலைகளில் இருந்து, உடற்பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி அடங்காமல், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், செலவு பாரமாக இல்லாமலும் இருப்பவர் முயன்று பார்க்கலாம். சொந்த ரத்தம் என்பதால் ஆபத்து குறைவு. ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாள் வலி கூடுவது இயல்பு. தூய்மை தவறினால் மூட்டுக்குள் கிருமித் தொற்று வரும் அபாயம் சிறிதானாலும் உண்டு. நான்காம் நிலைக்குப் போய்விட்ட, எலும்போடு எலும்பு உரசும் முட்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஸ்டெம் செல் விஷயத்தில் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரில் பல இடங்களில் போடப்படுவது, இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுத்துச் செறிவாக்கிய மஜ்ஜையோ வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த உயிரணுக்களோதான். மஜ்ஜையில் உண்மையான ஸ்டெம் செல் பத்தாயிரத்துக்கு ஒன்று, அல்லது லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கிறது. அவை முட்டிக்குள் போய்ப் புதுக் குருத்தெலும்பாக ஒட்டிக்கொள்கின்றன என்பதும் படம் வரைந்து காட்டும் கதைதான். ஏதேனும் பலன் இருந்தால் அது அழற்சியைத் தணிக்கும் வேதிப்பொருள்களை அவை சுரப்பதால் வருவது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மஜ்ஜைச் செறிவு, கொழுப்பு உயிரணுக்கள், தொப்புள்கொடி ஸ்டெம் செல் ஆகிய மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு, 475 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, மூன்றில் எதுவும் அந்த மலிவான ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக இல்லை.

இந்தியாவில் சட்டநிலையும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்தநோய் முதலியவற்றுக்காக ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளைப் பதிவுபெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது. அதன்பின் முழங்கால் தேய்மானத்துக்கென்றே பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்த, நன்கொடையாளர் மஜ்ஜையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஸ்டெம் செல் மருந்துக்கு 2022-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானம் உள்ள 146 பேரிடம் நடந்த ஆய்வு அதற்கு அடிப்படை. ஓராண்டில் வலியும் இயக்கமும் ஒப்பீட்டுக் குழுவைவிட முன்னேறின. குருத்தெலும்பின் தரம் மேலும் கெடவில்லை என்றார்கள். கெடவில்லை என்பதற்கும் வளர்ந்தது என்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் விளம்பரங்கள் ஒரே எட்டில் தாண்டிவிடுகின்றன. அந்த மையம் அம்மாவுக்குப் போடப்போவது இந்த அனுமதி பெற்ற மருந்தா, அவர்களே அறையில் தயாரிப்பதா என்று எழுத்தில் கேளுங்கள்.

சிகிச்சைக்கு முன், பின் என்று இரண்டு எக்ஸ்ரே படங்களை அருகருகே காட்டி, பாருங்கள் இடைவெளி கூடிவிட்டது என்பார்கள். முட்டியின் இடைவெளி நிற்கும் நிலையில் ஓரளவும், படுத்த நிலையில் வேறோர் அளவுமாகத் தெரியும். காலைச் சில பாகை மடக்கினாலோ கதிர் விழும் கோணம் மாறினாலோ படமும் மாறும். ஒரே நாளில் ஒரே முட்டியை இரண்டு விதமாகப் படம் எடுத்து, ஜவ்வை அரை மணி நேரத்தில் வளர்த்துக் காட்ட என்னாலும் முடியும். உங்கள் அம்மாவின் எக்ஸ்ரே நின்றுகொண்டு எடுத்ததா என்பதையும் பார்த்துவிடுங்கள். படுக்கவைத்து எடுத்த படத்தை வைத்து நிலை குறிப்பது பொருந்தாது.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெல் ஊசி எனப்படும் ஹைலுரானிக் அமிலம் பற்றி 169 ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் வந்த மதிப்பீடு, வெற்று ஊசியைவிட அதன் கூடுதல் பலன் நோயாளியால் உணரமுடியாத அளவுக்குச் சிறியது என்றது. ஸ்டீராய்டு ஊசி, நீர் கோத்து வீங்கிய முட்டிக்குச் சில வாரங்கள் நல்ல நிவாரணம் தரும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்ததில், உப்புநீர் ஊசியைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்ததே தவிர வலியில் வேறுபாடு இல்லை என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்குப்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜவ்வுக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம்.

முட்டியில் உண்மையாகவே வளரக்கூடிய திசு ஒன்று உண்டு: தொடையின் முன்தசை. விளம்பரத்துக்கு உதவாத செய்தி இது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறுபிரிவுக்குப் பிசியோதெரபியும் கொடுத்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். வலி, இறுக்கம், இயலாமை மூன்றையும் சேர்த்து 240-க்கு அளக்கும் மதிப்பெண் ஓராண்டு முடிவில் ஊசி போட்டவர்களுக்கு 55.8, பயிற்சி செய்தவர்களுக்கு 37.0, எண் குறைவாக இருப்பதே நல்லது. அம்மா செய்ய வேண்டியதும் சிக்கலானதல்ல. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடவேண்டும். சற்று வலு வந்தபின், கை வைத்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயிற்சி வீண். முதல் வாரம் ஐந்து முறை போதும். செய்யும்போது பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு வலி இருப்பதில் தவறில்லை. மறுநாள் காலையிலும் அது நீடித்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம். நான்காம் நாளே பலன் இல்லை என்று நிறுத்தியவர்களைத்தான் பிறகு ஊசி மையங்களில் பார்க்கிறேன்.

எடை கூடுதலாக இருந்தால் அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்து எடையில் பத்திலொரு பங்கைக் குறைத்தவர்களுக்கு 18 மாதங்களில் வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2013-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உடல் பருமனுக்கான செமாகுளுடைட் ஊசியை வாரந்தோறும் போட்ட பருமனானவர்களுக்கு எடையோடு முழங்கால் வலியும் நன்றாகக் குறைந்ததை 2024-ல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஊசிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம், மூட்டுக்குள் போடாத இந்த ஊசியைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்வதுண்டு. வலி மிகும் நாள்களில் டைக்ளோஃபெனாக் களிம்பை முட்டியின்மேல் தடவலாம். மாத்திரையாக நெடுநாள் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் பாதிக்கப்படும், களிம்பில் அந்த அபாயம் மிகக் குறைவு. கைத்தடி பிடிக்க வேண்டியிருந்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு வலது காலில் கூடுதல் வலி என்பதால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

அந்த மையத்துக்கு மறுபடி போவதாக இருந்தால், ஊசியில் எத்தனை தட்டணுக்கள் இருக்கும் என்று எண்ணிச் சொல்வார்களா, ஸ்கேன் பார்த்து மூட்டுக்குள்தான் செலுத்துகிறார்களா, ஆறு மாதம் கழித்துப் பலன் இல்லை என்றால் என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால், அம்மாவுக்கு மூன்றாம் நிலை என்றாலும், மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் வலி அடங்காத நிலையில், பிஆர்பியை மட்டும் ஒருமுறை முயன்று பார்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கட்ட வேண்டாம்.

அறுவை சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் எழும் அச்சம்தான் இந்த வணிகத்தின் முதலீடு. 58 வயதில், மூன்றாம் நிலையில், இன்னும் நடந்து வேலை செய்துகொண்டிருப்பவருக்கு இப்போதே மூட்டு மாற்று தேவையில்லை; ஒருவேளை எப்போதுமே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் பிற்காலத்தில் இரவுத் தூக்கம் கெட்டு, கால் வளைந்து, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாத நிலை வந்தால், அப்போது அதைத் தள்ளிப்போடுவதற்காக ஊசிகளில் பணத்தைக் கரைக்க வேண்டாம். செயற்கை மூட்டுகளின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வைத்த வரம்பு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய். மையத்தில் எழுதிக் கொடுத்த தாளிலுள்ள தொகையை இதன் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.